பதின்மூன்றாவது வரி

ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஏறி, மறுபடி ஒன்றுக்கு இறங்கி வரும் ஒரு சின்ன புரோகிராம். நான் சம்பளத்துக்கு எழுதிய முதல் புரோகிராம் அதுதான். இன்று பள்ளிப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். எனக்கு அன்று ஒரு முழு மத்தியானம் ஆனது. எழுதி முடித்ததும் கையைத் தட்டி ஆபீஸ் பியூனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நம்பரா வருது மேடம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது எண்பதுகளின் பின்பாதி. படப்பையில் என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தாம்பரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்திருந்தேன். ஒரகடம் கூட்ரோட்டைத் தாண்டி வல்லம் போகும் பக்கம் அப்போது தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் நெல்வயல். அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் சின்ன கம்பெனி. முதலாளி வெளிநாடு போய்வந்த சூட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் என்னை வேலைக்கு எடுத்தார்கள். கம்ப்யூட்டர் இருந்த ஏ.சி. ரூமுக்குள் போக மேனேஜர்கூடச் செருப்பைக் கழற்ற வேண்டும். நானும் கழற்றித்தான் போவேன். ஆனால் அங்கே செருப்பைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் அது சாமான்யப்பட்ட அதிகாரம் இல்லை.

ஃபியூஸ் கட்டைகளைச் சுட ஒரு மின்சாரச் சூளை இருந்தது. காலை எட்டு மணிக்கு நூற்றைம்பது டிகிரியில் ஆரம்பித்து அரை மணிக்கு நூறு டிகிரியாக ஏற்ற வேண்டும். பன்னிரண்டாவது தடவை ஆயிரத்து இருநூற்றைம்பது வரும். அதற்கு உச்சி என்று பெயர். அங்கே ஒரே ஒரு அரை மணிதான் நிற்க வேண்டும். பிறகு வந்த வழியே நூறு நூறாக இறங்க வேண்டும். உச்சியில் கூட நேரம் நின்றால் பீங்கான் இளகி, கட்டையெல்லாம் வளைந்துபோகும். வளைந்த கட்டையில் மூடி உட்காராது. குப்பையில்தான் கொட்ட வேண்டும்.

சூளையைப் பார்த்துக்கொண்டவர் வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். முப்பது வயது இருக்கும். இரண்டு வருடமாக டெம்பரரி. அந்த வருட ஆயுத பூஜையில் பர்மனென்ட் லிஸ்ட்டில் அவர் பெயர் நிச்சயம் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். அதை நம்பி, தன் பங்கு நிலத்தை அண்ணன் தம்பிகளே பயிர் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். "நாளைக்கி பர்மனென்ட்டு ஆயிட்டா ஏர் புடிக்க எனக்கு ஏது மேடம் நேரம்" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

அவர் நேரத்தைக் கணக்கு வைத்த விதம் எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. சூளைக்குப் பக்கத்தில் செங்கல் மேடை ஒன்று. அதன்மேல் இடப்பக்கம் பன்னிரண்டு உடைந்த ஃபியூஸ் துண்டுகள். வாட்ச்மேன் அரை மணிக்கு ஒருதரம் தண்டவாளத் துண்டில் அடிப்பார். அடி கேட்டதும் இவர் ஒரு துண்டை எடுத்து வலப்பக்கம் வைப்பார், டயலை ஒரு படி திருப்புவார், லாக் புத்தகத்தில் டிகிரியை எழுதுவார். வலப்பக்கம் பன்னிரண்டும் சேர்ந்தால் உச்சி. அடுத்த அடிக்கு ஒரு துண்டு திரும்ப இடப்பக்கம் வரும், டயல் ஒரு படி இறங்கும். எண்ணும்போது களத்தில் நெல் அளக்கிறவர்கள் மாதிரி ஒன்றுக்கு 'லாபம்' என்றுதான் சொல்வார். லாபம், ரெண்டு, மூணு என்று ஏறி, சாயங்காலம் ஏழு மணிக்கு லாபத்தில் வந்து நிற்பார்.

"இருபதாம் நூற்றாண்டு முடியப் போகுது, இவர் இன்னும் கல்லை நகர்த்திக்கிட்டு இருக்காரு" என்று மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜருக்கும் ஒரு தேவை இருந்தது. பெரிய ஆர்டர் ஒன்று வரவிருந்தது. வாங்குகிறவர்கள் வந்து பார்க்கும்போது எல்லாம் கம்ப்யூட்டர்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும்.

"சூளைக்கு ஒரு சார்ட் போட முடியுமாம்மா? எத்தனை மணிக்கு எத்தனை டிகிரின்னு பிரின்ட் வந்தா போதும்."

முடியுமாவா? தாம்பரம் வகுப்பில் எனக்குக் கொடுத்த முதல் பயிற்சியே ஒன்று முதல் பத்து வரை ஏறி இறங்குவதுதான். ஏற ஒரு லூப், இறங்க ஒரு லூப். முதல் லூப் ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டில் முடியும். இரண்டாவது லூப் பன்னிரண்டில் தொடங்கி ஒன்றில் முடியும். பார்க்க எவ்வளவு அழகு. பிரின்டர் கர்கர் என்று இழுத்து அடித்தது. அட்டையில் ஒட்டி, சூளை அறைச் சுவரில் ஆணியடித்து நானே மாட்டினேன். எல்லோரும் அதைக் கார்டு என்றார்கள்.

அதில் எத்தனை வரி இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. மேனேஜரும் எண்ணவில்லை. எண்ணுகிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அப்புறம் நாம் எதற்கு?

இரண்டு வாரம் சூளை ஒரு குறையும் இல்லாமல் சுட்டது. "கார்டு வந்ததுலேர்ந்து மால் சும்மா ஜம்முனு வருது" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மைசூர்பாகை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் லாக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தினமும் இருபத்து மூன்று பதிவு. என் கார்டில் மணி இரவு ஏழரை வரை போகிறது. இவர் ஏழு மணிக்கே முடித்திருக்கிறார். அப்படியென்றால் மனுஷன் என் கார்டைப் பார்ப்பதே இல்லை. மேடையில் பன்னிரண்டு துண்டுகளும் அப்படியே இருக்கின்றன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் ஒரு வரி குறைகிறது என்று கார்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும், ஒரு நிமிட வேலை. நான் பார்க்கவில்லை. அரை மணி முன்னாலேயே வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார் என்று முடிவு கட்டினேன்.

நேரே மேனேஜரிடம் போனேன். "அவரு கார்டைத் தொடறதே இல்ல சார். இன்னும் கல்லைத்தான் நகர்த்தறாரு. நான் எதுக்கு உக்காந்து எழுதினேன்?"

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டார். "கார்டு என்னா சாமி படமா, மாட்டி வச்சிப் பாக்கறதுக்கு? நாளையிலேர்ந்து கார்டுல இருக்கறபடி செய்யணும்." நான் அதோடும் விடவில்லை. பெருக்கும் அம்மாவிடம் மேடையைச் சுத்தம் செய்யச் சொன்னேன். அந்தப் பன்னிரண்டு துண்டுகளும் குப்பைக் கூடையில் விழுந்த சத்தத்தை நான் நின்று கேட்டேன்.

மறுநாள்தான் பெரிய ஆர்டரின் முதல் சுமை சூளைக்குள் போனது. மத்தியானம் நான் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தபோது அவர் குழாயடிக்கு வந்து நின்றார்.

"மேடம், கார்டுல ஒரு சந்தேகம்..."

"கார்டுல என்ன இருக்கோ அதைச் செய்யுங்கண்ணே. அதுல சந்தேகமே கிடையாது."

"இல்ல மேடம், உச்சிக்கிட்ட..."

"கம்ப்யூட்டர் போட்டது. உங்களை மாதிரி என்னை மாதிரி தப்புப் பண்ணாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஏ.சி. ரூமுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை சூளையைத் திறந்தபோது கட்டைகள் எல்லாம் வெயிலில் விட்ட மெழுகுவத்தி போல வளைந்து கிடந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. மேனேஜர் லாக் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றரை மணிக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது. இரண்டு மணிக்கும் ஆயிரத்து இருநூற்றைம்பது. "உச்சியில ஒரு மணி நேரமா வச்சிருக்கான்" என்று கத்தினார். "கூப்பிடுங்க அவனை. கார்டையும் எடுத்துட்டு வாங்க."

கார்டை எடுக்க நான்தான் போனேன். ஆணியிலிருந்து கழற்றும்போதுதான் அதை முதல்முறையாக வரிவரியாகப் படித்தேன். பன்னிரண்டாவது வரி, 1250. பதின்மூன்றாவது வரி, 1250. ஏறிய லூப் பன்னிரண்டில் முடிந்திருந்தது. இறங்கிய லூப் அதே பன்னிரண்டில் தொடங்கியிருந்தது. குன்றத்தூர் மலைக்கு மாதா மாதம் கிருத்திகைக்கு ஏறி இறங்குகிறவள் நான். உச்சிப் படியில் ஒருமுறைதான் கால் வைப்போம் என்பது என் காலுக்குத் தெரியும். புரோகிராம் எழுதிய கைக்குத் தெரியவில்லை. அவருடைய துண்டுகளில் இந்தத் தப்பு வரவே வராது. பன்னிரண்டும் வலப்பக்கம் போனபின் அடுத்து நகர்த்துகிற துண்டு தானாகவே பதினொன்றில் கொண்டுவந்து விட்டுவிடும். இரண்டு வாரமாக மால் நன்றாக வந்ததற்குக் காரணம் நான் குப்பையில் போடவைத்த அந்தத் துண்டுகள்தான். அவர் என் கார்டைப் பார்க்காததால்தான் எனக்கு மைசூர்பாகு கிடைத்தது.

இதெல்லாம் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நொடியில் புரிந்தது. அப்போதே மேனேஜர் ரூமுக்கு நடந்திருக்கலாம். நான் ஏ.சி. ரூமுக்கு நடந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இரண்டாவது லூப்பில் இருந்த பன்னிரண்டைப் பதினொன்று ஆக்கினேன். ஒரு எழுத்துதான் மாற்ற வேண்டியிருந்தது. பிரின்டர் இழுத்து முடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தாளை அட்டையிலிருந்து உரித்து மடித்து ஹேண்ட்பேக்கில் போட்டேன். புதிய தாளை அதே அட்டையில் ஒட்டினேன். பசை காயாமல் இருந்ததால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அவர் மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"கார்டுல இருந்ததத்தான் சார் செஞ்சேன். வெரல் வச்சி வெரல் வச்சிப் படிச்சேன். உச்சி ரெண்டு தபா இருந்துச்சி."

மேனேஜர் கார்டை வாங்கி வரிவரியாகப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினார். "எங்க இருக்கு ரெண்டு? காட்டு."

அவர் கார்டைக் கிட்டே வைத்துப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளி வைத்தும் பார்த்தார். விரலை மேலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது. அடுத்த வரிக்குப் போனது. திரும்ப மேலே வந்தது. சட்டை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"விரல் வழுக்கி ஒரே வரிய ரெண்டு வாட்டி படிச்சிருக்கே" என்றார் மேனேஜர்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "மேடம், உச்சி ஒரு தபாதானா?" என்று என்னிடம், தெரிந்தவளிடம் கேட்பது போல, உதவி கேட்டார்.

வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாலாவது பாவம் பாதியாகியிருக்கும். நான் வாயைத் திறந்தேன். "கார்டுல இருக்கறதுதாண்ணே. ஒரு தடவைதான்."

"அப்ப நான்தான் தப்பா பாத்துகினு இருந்திருக்கேன் சார்" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவருக்கு என்மேலோ மேனேஜர்மேலோ கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. தன் கண்மேல்தான் இருந்தது.

ஆயுத பூஜைக்கு அப்போது பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் நான் தினமும் காலையில் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கினேன். கூட்ரோட்டில் இறங்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், கேட்டுக்குள் நுழைந்ததும் கலைந்துவிடும். சொன்னால் வேலை போகும் என்பதைவிட, அந்த ஏ.சி. ரூமுக்கு வெளியே நின்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒரு குடும்பத்தின் சோற்றைவிட என் ரோஷம் பெரிதாக இருந்தது. இதை எந்த அழகான வார்த்தையில் சொன்னாலும் அர்த்தம் அதுதான்.

பூஜையன்று சூளைக்கு மாலை போட்டார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். பூசணிக்காய் உடைத்தபின் மேனேஜர் லிஸ்ட்டைப் படித்தார். நாலு பெயர். மூன்றாவது பெயர் என்னுடையது. அவர் பெயர் வரவில்லை. கடைசியில் நின்றிருந்தவர் பொரிப் பொட்டலத்தை வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போகிற வழியில் என்னைப் பார்த்து, "சந்தோஷம் மேடம்" என்றார். நிஜமாகவே சொன்னார். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

அடுத்து வந்த சூளைக்காரர் என் கார்டைப் பார்த்தே வேலை செய்தார். மால் நன்றாகவே வந்தது. புரோகிராம் சரியாகத்தானே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு சாயங்காலம் படப்பை பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. தடித்த ஃபிரேம் போட்ட கண்ணாடி போட்டிருந்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"எப்படிம்மா கீற? கம்பெனில எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம்ணே. நீங்க?"

"எனக்கு இன்னா, செங்கல் சூளைல லோடு ஏத்திகினு கீறேன். ஒழுங்கா கூலி வருது." நிலம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "தம்பிங்க பயிர் வச்சிக்கினானுங்க. வுட்டுக் குடுத்தத திரும்பக் கேட்டா நல்லாருக்காது."

நான் கண்ணாடியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அதைக் கழற்றித் துடைத்தார். "கண்ணாசுபத்திரிக்கிப் போனேம்மா. கண்ணுல ஒண்ணும் இல்ல, கண்ணாடி வேணான்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. பிளாட்பாரத்துல ஒண்ணு வாங்கிப் போட்டுகினேன். போன வருசம் ஒரு கம்பெனில கூப்டாங்க, ஃபர்னஸ் பாக்கற வேலை, பர்மனென்ட்டுன்னாங்க. நம்பர் பாக்கற வேலை எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன். மறுபடி யார் மாலயாச்சும் கெடுத்துட்டா அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

அந்த நிமிடமும் என் ஹேண்ட்பேக்கில் கார்டிலிருந்து உரித்த அந்தப் பழைய தாள் இருந்தது. இரண்டு வருடமாக அதைக் கிழிக்கவும் முடியவில்லை, வீட்டில் வைக்கவும் பயம். ஜிப்பை இழுத்து, மடித்த தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தால் போதும். பதின்மூன்றாவது வரியை அவரே பார்த்துக்கொள்வார். என் கை பையின் வாய்வரை போனது. ஜிப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.

தூரத்தில் ஒரு பஸ் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பலகையைப் பார்த்தார். நம்பரைச் சரியாகப் படித்தார். ஊரையும் சரியாகப் படித்தார். படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுதானம்மா? நீ கொஞ்சம் பாத்து சொல்லேன்."

"அதுதாண்ணே" என்றேன். "நீங்க சரியாத்தான் பாத்தீங்க."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். மேனேஜர் ரூமில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அதுதான். ஒரு பஸ் நம்பருக்குச் சொன்னேன்.